ஏட்டில் ஏறிய குற்றமும் ஏறாத குற்றமும்

தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ‘இந்தியாவில் குற்றங்கள்’ என்னும் ஆண்டுத் தொகுப்பை வெளியிடும்போதெல்லாம் நாளேடுகளில் ஒரு சடங்கு நடைபெறுவதை நாம் பார்த்து வருகிறோம். எந்த மாநிலம் முதலிடம், எந்த நகரம் இரண்டாமிடம் என்று பட்டியல் வரும். ஆளுங்கட்சியினர் குறைந்த எண்ணைக் காட்டி நெஞ்சு நிமிர்த்துவர். எதிர்க்கட்சியினர் கூடிய எண்ணைக் காட்டிக் குரல் உயர்த்துவர். இரண்டு மூன்று நாட்களில் ஆரவாரம் ஓய்ந்துவிடும். அந்த எண் எங்கே பிறந்தது, யார் எழுதியது, எழுதாமல் விட்டது எது என்ற கேள்விகள் மட்டும் கேட்கப்படாமலே நின்றுவிடும்.

2015-ஆம் ஆண்டின் தொகுப்பை எடுத்துக்கொள்வோம். இந்திய தண்டனைச் சட்டத்தின் கீழ் பதிவான குற்றங்கள் ஓர் இலட்சம் மக்களுக்கு இத்தனை என்று கணக்கிட்டபோது நாட்டின் சராசரி 234 ஆக இருந்தது. கேரளத்தில் அது எழுநூறைத் தாண்டியது. உத்தரப் பிரதேசத்தில் 112 அளவிலேயே நின்றது. இதை அப்படியே நம்பினால் கேரளத்து மக்கள் உத்தரப் பிரதேசத்து மக்களைவிட ஆறு மடங்கு குற்ற இயல்பினர் என்று முடிவுகட்ட வேண்டியிருக்கும். ஆனால் அதே தொகுப்பில் கொலைகளின் பக்கத்தைப் புரட்டினால் காட்சி தலைகீழாகிறது. இலட்சம் பேருக்கு உத்தரப் பிரதேசத்தில் இரண்டுக்குச் சற்று மேல். கேரளத்தில் ஒன்றுக்கும் கீழ். ஒரே ஏட்டின் இரு பக்கங்கள் ஒன்றையொன்று மறுத்து நிற்கின்றன.

வரலாற்றாசிரியர்கள் எண்களில் ஏமாறும் வழக்கத்தை இப்னு கல்தூன் தமது முகத்திமாவின் தொடக்கத்திலேயே கண்டித்திருக்கிறார். இஸ்ராயீல் மக்களின் படைபலம் ஆறு இலட்சம் என்று மஸ்ஊதி போன்றோர் எழுதிவைத்ததை எடுத்துக்காட்டி, அவ்வளவு பெரிய படை அந்த நிலப்பரப்பில் அணிவகுத்து நிற்கவும் இயலுமா என்று வினவினார். எண்ணைக் கேட்டவுடன் அதன் இயல்பான சாத்தியத்தையும் அதைச் சொன்னவரின் நிலையையும் ஆராய வேண்டும் என்பது அவர் காட்டிய வழி. அறிவிப்பாளர் வரிசையைப் பார்த்த பிறகே செய்தியைப் பார்க்கப் பழகிய நமக்கு இது புதிதன்று. குற்றப் புள்ளிவிவரத்தின் அறிவிப்பாளர் வரிசை காவல் நிலையத்தில் தொடங்குகிறது. அந்த வரிசையைத்தான் இக்கட்டுரையில் தேடிச் செல்கிறோம்.

குற்றங்களை எண்ணும் வழக்கம் இந்நாட்டில் மிகப் பழையதன்று. முகலாயர் ஆட்சியில் நகரக் காவல் கொத்தவாலின் பொறுப்பில் இருந்தது. வீடுகளுக்கும் தெருக்களுக்கும் பதிவேடு வைத்திருப்பது அவரது கடமைகளுள் ஒன்றென அபுல் ஃபஸ்லின் ஆயினே அக்பரி கூறுகிறது. அதே நூல் இன்னொன்றையும் சொல்கிறது: திருடனையும் திருட்டுப் பொருளையும் கண்டுபிடிக்க வேண்டும்; இயலாவிடில் இழப்புக்குக் கொத்தவாலே பொறுப்பு. தமிழகத்துச் சிற்றூர்களிலும் இதனையொத்த ஏற்பாடு நிலவியது. காவல்காரர் ஊராரிடமிருந்து விளைச்சலில் ஒரு பங்கைப் பெற்றார். களவு போனதை மீட்டுத் தர இயலாதபோது ஈடுகட்டினார். இந்த ஏற்பாட்டில் அநீதிகள் இல்லாமலில்லை. காவல்காரரே கள்வரோடு கைகோத்த கதைகள் பல உண்டு. ஆயினும் நாம் கவனிக்க வேண்டியது, அங்கே இழப்பு ஈடுசெய்யப்பட்டது, எண்ணப்படவில்லை. பின்னர் வந்த ஆட்சி எண்ணத் தொடங்கியது; ஈடுசெய்வதை விட்டுவிட்டது.

அந்த மாற்றம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் சென்னை மாகாணத்தில் விரைவாகவே நிகழ்ந்தது. வரி வசூலுக்காகவும் ஒப்புதல் வாக்குமூலத்துக்காகவும் மக்கள் துன்புறுத்தப்படுவதை விசாரித்த சித்திரவதை ஆணையம் 1855-இல் தன் அறிக்கையைத் தந்தது. வருவாய்த் துறையும் காவலும் ஒரே கையில் இருந்ததன் விளைவு அதில் வெட்டவெளிச்சமாயிற்று. 1859-இல் சென்னை மாவட்டக் காவல் சட்டம் வந்தது. 1860-இல் இந்திய தண்டனைச் சட்டம் இயற்றப்பட்டு 1862-இல் நடைமுறையானது. 1861-இன் காவல் சட்டம் நிலையப் பொறுப்பாளர் நாள்தோறும் பொது நாட்குறிப்பு எழுதி, வந்த முறையீடுகள் அனைத்தையும் அதில் குறிக்க வேண்டும் என விதித்தது. குற்றவியல் நடைமுறைச் சட்டம் வாய்மொழியாக வந்த தகவலையும் எழுத்தில் வடிக்கச் சொன்னது. இவை யாவும் கூடியபோதுதான் குற்றம் என்பது எண்ணத்தக்க ஒரு பொருளாயிற்று. ஒவ்வொரு மாகாணமும் ஆண்டுதோறும் காவல் நிர்வாக அறிக்கையை அச்சிட்டது.

அந்த அறிக்கைகளில் உண்மை இல்லையா என்றால், உண்டு. 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தின்போது சென்னை மாகாணத்தில் கூட்டுக்கொள்ளை வழக்குகள் திடீரென உயர்ந்ததை அவை காட்டுகின்றன. தானிய விலையோடு கொள்ளையின் எண்ணும் ஏறுவதும், மழை பெய்து விலை தணிந்ததும் இறங்குவதும் தெளிவாகவே தெரிகிறது. பசித்தவன் தானியக் களஞ்சியத்தை உடைத்தான் என்பதைப் புரிந்துகொள்ள இதைவிடச் சான்று வேண்டியதில்லை. ஆனால் ஆட்சியாளர்கள் அந்த எண்களிலிருந்து படித்துக்கொண்ட பாடம் வேறு. குற்றத்தைப் பசியோடும் விலையோடும் சேர்த்துப் பார்க்காமல் பிறப்போடு சேர்த்துப் பார்த்தனர்.

1871-இல் குற்றப் பரம்பரைச் சட்டம் முதலில் வட இந்தியாவில் வந்தது. 1911-இன் திருத்திய சட்டம் சென்னை மாகாணத்துக்கும் அதைக் கொண்டுவந்தது. ஒரு சமூகத்தில் பிறந்த குற்றத்துக்காகவே ஆண்கள் காவல் நிலையத்தில் பெயர் பதிந்து, கைரேகை வைத்து, இரவில் அங்கே வந்து படுத்துக்கிடக்க வேண்டியதாயிற்று. இதை எதிர்த்து நின்ற பிறமலைக் கள்ளர் மீது 1920 ஏப்ரல் 3 அன்று மதுரைப் பகுதியிலுள்ள பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச் சூடு நடந்தது. பெண்ணொருவர் உட்படப் பதினாறு பேருக்குக் குறையாமல் மாண்டனர். சென்னை மாகாணத்தில் 1947-இலும் நாடு முழுவதும் 1952-இலும் அச்சட்டம் நீக்கப்பட்டது. கண்காணிக்கப்படும் சமூகத்தாரின் சிறு பிழையும் ஏட்டில் ஏறும். ஏறியதால் எண் கூடும். எண் கூடியதால் கண்காணிப்பு நியாயமென்று தோன்றும். இந்தச் சுழல் ஒரு சமூகத்தோடு முடிந்துபோன கதையன்று என்பதை நம் வாசகர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

இன்னொரு செய்தியையும் இங்கே சொல்லியாக வேண்டும். அதே மதுரைச் சீமையில் மாடு களவு கொடுத்தவர் காவல் நிலையத்துக்குப் போகாமல் இடையாள் ஒருவருக்குத் ‘துப்புக்கூலி’ கொடுத்து மாட்டை மீட்டுக்கொள்ளும் வழக்கம் நெடுங்காலம் நீடித்தது. நிலையத்துக்குப் போனால் வழக்கு கிடைக்கும். துப்புக்கூலி கொடுத்தால் மாடு கிடைக்கும். குடியானவர் மாட்டைத் தேர்ந்தெடுத்தார். அந்தக் களவுகள் எந்த அறிக்கையிலும் இல்லை. ஆக ஒரே வட்டாரத்தில், ஒரே காலத்தில், ஏடு ஒருபுறம் மிகுதியாகவும் மறுபுறம் குறைவாகவும் எழுதிக்கொண்டிருந்தது.

1902-03-இல் ஆண்ட்ரூ ஃபிரேசர் தலைமையில் அமைந்த காவல் ஆணையம் இந்நோயை ஆங்கில ஆட்சியின் உள்ளிருந்தே கண்டுகொண்டது. காவலரின் பணியைப் புள்ளிவிவரத்தால் அளந்தால் அவர்கள் குற்றத்தை மறைக்கவே முற்படுவர் என்பது அதன் கண்டனங்களுள் ஒன்று. முக்கால் நூற்றாண்டு கழித்து, 1977 முதல் 1981 வரை பணியாற்றிய தேசியக் காவல் ஆணையமும் வழக்குப் பதிய மறுக்கும் பழக்கத்தைப் பற்றி ஏறக்குறைய அதையே எழுத நேர்ந்தது.

விடுதலைக்குப் பின் நாடு முழுமைக்குமான முதல் தொகுப்பு 1953-ஆம் ஆண்டுக்கு வெளிவந்தது. அவ்வாண்டு தண்டனைச் சட்டத்தின் கீழ் பதிவானவை 6,01,964. ஓர் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 160. 1981-இல் எண் 13,85,757 ஆகி, விகிதம் இருநூறை எட்டியது. பிறகு 2003 முதல் 2006 வரையிலான தொகுப்புகளைப் பார்த்தால் விகிதம் மீண்டும் 160-க்கும் 170-க்கும் இடையே நிற்கிறது. ஐம்பது ஆண்டுகளில் நகரங்கள் வீங்கின. நகையும் வாகனமும் கைபேசியும் வந்தன. மக்கள்தொகை மூன்று மடங்கு நோக்கிச் சென்றது. குற்ற விகிதம் மட்டும் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தது என்றால் அதை நம்புவது கடினம். மாறாமல் இருந்தது குற்றமா, நிலையங்கள் ஏற்றுக்கொள்ளும் அளவா என்று கேட்பதே பொருத்தம். எழுத்தர்களின் எண்ணிக்கையும் நிலையங்களின் கொள்ளளவும் ஒரு வரம்புக்குள் நிற்கும்போது பதிவும் அவ்வரம்புக்குள்ளேயே நின்றுவிடுகிறது.

எல்லாக் குற்றங்களும் ஒன்றுபோல் மறைவதில்லை. உடல் கிடந்தால் கொலையை மறைப்பது அரிது. ‘சந்தேக மரணம்’ என்று எழுதி வழக்கை நீர்த்துப்போகச் செய்வது முற்றிலும் இல்லாததன்று என்றாலும், கொலையின் எண் மற்றவற்றைவிட நம்பத்தக்கது. 1953-இல் 9,802 கொலைகள் பதிவாயின. எண் ஏறிக்கொண்டே வந்து 1992-இல் நாற்பதாயிரத்தைத் தாண்டியது, இலட்சத்துக்கு 4.6 என்னும் உச்சம் அது. பஞ்சாபும் காஷ்மீரும் கனன்றுகொண்டிருந்த ஆண்டுகள் அவை. பாபரி மஸ்ஜித் இடிப்பும் அதனைத் தொடர்ந்த படுகொலைகளும் அந்த ஆண்டின் முடிவில்தான் நிகழ்ந்தன. ஆயினும் உயர்வு முழுவதையும் இவற்றால் விளக்கிவிட இயலாது. அதன்பின் விகிதம் இறங்கத் தொடங்கியது. 2022-இல் 28,522 கொலைகள், இலட்சத்துக்கு 2.1. உச்சத்தில் பாதிக்கும் குறைவு. கூட்டுக்கொள்ளையும் அவ்வாறே: 1981-இல் பதினாலாயிரத்துக்கு மேல்; 2006-இல் ஐயாயிரத்துக்குக் கீழ். நாடு நாளுக்குநாள் கொலைக்களமாகி வருகிறது என்று மேடையில் முழங்குவோர் இந்த இறக்கத்தை ஒருமுறையேனும் பார்க்க வேண்டும். நம் சொற்பொழிவாளர்கள் சிலரும் இதற்கு விலக்கல்லர்.

இனி அறிவிப்பாளர் வரிசையின் முதல் கண்ணிக்கு வருவோம். சில ஆண்டுகளுக்கு முன் எம் மாணவர் ஒருவரின் கைபேசி பேருந்து நிறுத்தத்தில் களவு போயிற்று. அவருடன் நாமும் ஒரு காவல் நிலையம் சென்றோம். மாணவர் அழகாக எழுதிக் கொடுத்த மனுவில் ‘திருடப்பட்டது’ என்ற சொல்லை அடித்துவிட்டு ‘தவறிவிட்டது’ என்று எழுதித் தருமாறு கனிவாகவே கேட்டுக்கொண்டார்கள். தேநீரும் கொடுத்தார்கள் என்பதை நன்றியோடு சொல்ல வேண்டும். ஒரு மணி நேரத்தில் மனு ரசீது கைக்கு வந்தது. சி.எஸ்.ஆர். என்று தமிழகத்தில் யாவரும் அறிந்த சீட்டு அது. முதல் தகவல் அறிக்கை எழுதப்படவில்லை. ஆகவே அந்த ஆண்டின் தொகுப்பில் அப்படியொரு திருட்டு நடக்கவில்லை. புதிய சிம் வாங்க அந்தச் சீட்டே போதும் என்பதால் நாமும் வாதாடவில்லை. மறைத்தவர்களின் பட்டியலில் எம்மையும் சேர்த்துக்கொள்ளலாம்.

வழக்குப் பதியாமல் அமுக்குவதற்குக் காவல் துறை வழக்கில் ‘பர்க்கிங்’ என்றொரு சொல் உண்டு. 1828-இல் எடின்பரோ நகரில் மருத்துவக் கூடத்துக்குப் பிணம் விற்பதற்காக மனிதர்களை மூச்சுத் திணறடித்துக் கொன்ற பர்க் என்பவனின் பெயரிலிருந்து வந்தது அது. காயம் தெரியாமல் கொல்வது அவன் முறை. சொல்லைத் தேர்ந்தவர் நகைச்சுவை உணர்வுடையவராக இருந்திருக்க வேண்டும்.

இந்த அமுக்கலுக்கு எதிரான பெரிய தீர்ப்பு 2013 நவம்பர் 12 அன்று வந்தது. கடத்தப்பட்ட சிறுமி ஒருத்தியின் தந்தை உத்தரப் பிரதேசத்தில் வழக்குப் பதியக் கோரித் தொடுத்த லலிதா குமாரி வழக்கு அது. அன்றைய தலைமை நீதிபதி, ஈரோடு மாவட்டத்தைச் சேர்ந்த ப. சதாசிவம் தலைமையிலான ஐவர் அமர்வு, பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றத்தைத் தகவல் வெளிப்படுத்துமானால் முதல் தகவல் அறிக்கை பதிவது கட்டாயம் என்று கூறியது. நாட்குறிப்பில் குறித்துவைத்தால் போதும் என்ற வாதம் ஏற்கப்படவில்லை. பதிவாகாத வழக்குகள் பதிவானவற்றுக்கு ஏறத்தாழ நிகராக இருக்கலாம் என்ற மதிப்பீட்டையும் நீதிமன்றம் தன் தீர்ப்பில் எடுத்துக்காட்டியது. அதாவது ஏட்டில் ஒன்று இருந்தால் வெளியே ஒன்று.

கதவு சற்றே திறந்தபோது நிகழ்ந்ததைக் காண்போம். பாலியல் வன்கொடுமை வழக்குகள் 2012-இல் 24,923, 2013-இல் 33,707. ஓராண்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயர்வு. ஆண்களின் இயல்பு ஓராண்டில் இவ்வளவு கெட்டுவிடாது. 2012 டிசம்பரில் டெல்லிப் பேருந்தில் நிகழ்ந்த கொடுமையும் அதன்பின் எழுந்த கொந்தளிப்பும் மறைத்து வைத்திருந்தவர்களைப் பேச வைத்தன. 2013-இன் திருத்தச் சட்டம் குற்றத்தின் வரையறையை விரித்தது. இசைவு வயதைப் பதினெட்டாக்கியது. இவ்வகை வழக்கைப் பதிய மறுக்கும் அதிகாரிக்கே சிறைத் தண்டனை என்றது. அந்த உயர்வை நாம் அழிவின் அறிகுறியாகக் கொள்ளவில்லை. அத்தனை பெண்கள் நிலையத்தின் படியேறினர். அவர்கள் சொன்னது எழுதப்பட்டது. இன்னும் எழுதப்படாதது எவ்வளவு என்பதற்கு 2019-21-இன் தேசியக் குடும்ப நல ஆய்வு ஓர் அளவுகோல். மணவாழ்வு கண்ட பெண்களில் ஏறத்தாழ 30 விழுக்காட்டினர் கணவரின் வன்முறைக்கு ஆளானதாக வீடு தேடி வந்த ஆய்வாளரிடம் கூறினர். 2021-இல் கணவர் மற்றும் அவர் உறவினரின் கொடுமைக்காக நாடு முழுவதும் பதிவான வழக்குகளோ 1,36,234 மட்டுமே. வீட்டு வாசலில் சொன்னதையும் நிலையத்தில் சொன்னதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் நடுவில் கிடக்கும் மௌனம் கோடிக்கணக்கான பெண்களுடையது. அதில் நம் வீட்டுப் பெண்கள் இல்லை என்று எவரும் சத்தியம் செய்ய முடியாது.

டெல்லியின் கதை இன்னும் தெளிவு. 2012-இல் ஏறத்தாழ 54 ஆயிரமாக இருந்த தண்டனைச் சட்ட வழக்குகள் 2015-இல் 1,91,000-ஐத் தாண்டின. மூன்றாண்டில் மூன்றரை மடங்கு. இடையில் வாகனத் திருட்டு முதலியவற்றுக்கு நிலையம் செல்லாமலே இணையத்தில் வழக்குப் பதியும் வழி திறக்கப்பட்டது. காப்பீட்டுத் தொகை பெற முதல் தகவல் அறிக்கை வேண்டும், எழுத்தரின் முகம் பார்க்க வேண்டியதில்லை, மக்கள் பதிந்தனர். கேரளத்தின் ‘முதலிடம்’ எத்தகையது என்பதும் இப்போது விளங்கும். எழுதப் படிக்கத் தெரிந்த, கேட்டுப் பெறும் பழக்கமுள்ள மக்கள், பதிந்துகொள்ளும் நிலையங்கள். குறைந்த எண்ணைக் காட்டிப் பெருமை பேசும் மாநிலங்களைத்தான் நாம் ஐயத்தோடு பார்க்க வேண்டும்.

2020 வேடிக்கையான ஆண்டு. ஊரடங்கில் கடையும் வீதியும் அடைந்துகிடந்தன. திருட்டும் பெண்களுக்கு எதிரான குற்றங்களின் பதிவும் குறைந்தன. எனினும் நாட்டின் மொத்த வழக்குகள் 28 விழுக்காடு உயர்ந்து 66,01,285 ஆயின. அரசு ஊழியரின் ஆணையை மீறுதல் என்னும் 188-ஆம் பிரிவு வழக்குகள் 29,469-இலிருந்து 6,12,179-க்குத் தாவியிருந்தன. தமிழ்நாட்டின் மொத்தம் முந்தைய ஆண்டின் நாலரை இலட்சத்திலிருந்து பதிமூன்று இலட்சத்தைத் தாண்டியது. பால் வாங்க வெளியே வந்தவரும் அந்த ஆண்டின் குற்றவாளிகளில் ஒருவர்.

எண்ணும் முறையிலேயே மறைவதும் உண்டு. ஒரு முதல் தகவல் அறிக்கையில் பல குற்றங்கள் இருப்பின் அவற்றுள் கொடியது மட்டுமே கணக்கில் ஏறும். வன்கொடுமைக்குப் பின் கொல்லப்பட்ட பெண் முன்பு கொலைப் பட்டியலில் மட்டும் இருந்தாள். அறிக்கைகளின் எண்ணிக்கைக்கும் மாண்டவர் எண்ணிக்கைக்கும் உள்ள தொலைவை 1984 நவம்பரின் டெல்லி காட்டியது. சீக்கியர் 2,733 பேர் கொல்லப்பட்டதாக அதிகாரபூர்வக் கணக்கு. பதிவான முதல் தகவல் அறிக்கைகள் 587. ஒரு பகுதியில் மாண்டவர் அனைவரையும் ஒரே அறிக்கையில் சேர்த்து எழுதிய இடங்கள் உண்டு. அந்த 587-இலும் 241 ‘கண்டுபிடிக்க இயலவில்லை’ என்று மூடப்பட்டன. தம் தந்தையும் கணவரும் தனியொரு வழக்காகக் கூட எழுதப்படாமற்போன குடும்பங்களுக்கு ஆண்டுத் தொகுப்பின் விகிதம் என்ன சொல்லும்?

நம் காலத்தில் இதன் தொடர்ச்சி வேறு வடிவில் வந்தது. 2017-இல் கும்பல் படுகொலை, வெறுப்புக் குற்றம், பசுக் காவலர் எனப்படுவோரின் வன்முறை ஆகியவற்றுக்கென ஆவணக் காப்பகம் விவரம் திரட்டியது. அவ்வாண்டின் தொகுப்பு காலந்தாழ்ந்து 2019 அக்டோபரில் வெளிவந்தபோது அந்த அட்டவணை அதில் இல்லை. திரட்டிய விவரம் நம்பத்தக்கதாக இல்லாமையால் அப்பணி நிறுத்தப்பட்டது என்று பின்னர் நாடாளுமன்றத்தில் அரசு விடையளித்தது. வரையறை இல்லாததால் எண்ண இயலவில்லை என்பது அதன் சாரம்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் வரையறை ஒன்று வந்திருக்கிறது. ஐவர் அல்லது அதற்கு மேற்பட்டோர் கூடி, இனம், சாதி அல்லது சமூகம், பாலினம், பிறப்பிடம், மொழி, தனிப்பட்ட நம்பிக்கை இவை போன்ற காரணத்துக்காகக் கொலை செய்தால் அது 103-ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு. சமயம் என்ற சொல் அப்பட்டியலில் இல்லை. ஒரு கும்பல் ஒருவரை அடித்துக் கொன்ற இரவில், அறிக்கையின் தலைப்பில் அந்த இரண்டாம் உட்பிரிவை எழுதுவதா, முதலாம் உட்பிரிவோடு நிறுத்திக்கொள்வதா என்பது நிலைய எழுத்தரின் மேசையில் முடிவாகும். அதைப் பொறுத்தே அந்த ஆண்டின் அட்டவணையில் அவர் எந்தக் கட்டத்தில் இருப்பார் என்பதும் முடிவாகும்.